வக்கா எச்சம் கழுவிய வருஷங்கள்

எனக்குப் பறவைகள் மேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வேதக்கோவில் பங்கில் பாதிப் பேர் என்னைக் கொக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வக்கா என்கிற பறவையைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு அதன் மேல் ஆசை வருவது சிரமம். பகலெல்லாம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிளையில் தூங்கும். பொழுது சாய்ந்ததும் தொண்டையில் முள் சிக்கியவன் போலக் கத்திக்கொண்டு ஏரிக்கு இறங்கும். மீன் தின்னும் சாதி என்பதால் அதன் எச்சம் ஒரு தடவை துணியில் பட்டால் இரண்டு மூன்று வெளுப்புக்கும் வாடை போகாது. அந்த எச்சத்தைத்தான் என் வயதின் நல்ல பாதியில் நான் கழுவிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி ஜலகண்டாபுரத்திலிருந்து சூரமங்கலத்துக்கு வந்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. எங்கள் கோவிலின் கல்லறைத் தோட்டம் ஊரைத் தாண்டி, ஒரு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அதை ஊரைத் தாண்டி என்றுதான் சொல்ல வேண்டும். வழியில் சோளக்காடும் ஒரு செங்கல் சூளையும் தவிர வேறொன்றும் கிடையாது. தோட்டத்தைச் சுற்றி மார்பளவு சுவர். ஏரிப் பக்கத்துச் சுவருக்கு வெளியே பெரிய பெரிய புளியமரங்கள் வரிசையாக நின்றன. அடிமரம் அந்தப் பக்கம், கிளையில் பாதி இந்தப் பக்கம். வக்கா வருஷம் முழுக்க அந்த மரங்களில்தான் கிடக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் வெள்ளைக் கொக்கும் நீர்க்காகமும் எங்கிருந்தோ வந்து சேர்ந்து, குச்சி பொறுக்கிக் கூடு கட்டத் தொடங்கிவிடும். ஏரியில் மீனும் தவளையும் கிடைக்கும் வரைக்கும் இருந்து, குஞ்சுகளை வளர்த்துக்கொண்டு, வெயில் ஏறியதும் போய்விடும்.

சுவருக்கு வெளியே கரை வரைக்கும் இருந்த துண்டு நிலமும், மரங்களும் கோவிலுக்குச் சொந்தம்தான். ஆனால் அது சாமியார் செபம் சொல்லி மந்திரிக்காத மண். ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளைகளை அந்தக் காலத்தில் மந்திரித்த மண்ணில் புதைக்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்த வெளித் துண்டுதான். சிலுவை நடக்கூடாது, சாமியார் வந்து செபம் சொல்ல மாட்டார். இன்றைக்கு இதைச் சொன்னால் என் மருமகள்கள் நம்ப மறுக்கிறார்கள். அன்றைக்கு நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை.

என் முதல் பிள்ளைக்குப் பிறக்கும்போதே மூச்சில்லை. ஞானஸ்நானம் கொடுக்க உயிர் வேண்டும் அல்லவா. மருத்துவச்சியும் எங்கள் வேதக்காரிதான், அவளுக்கு முறை தெரியும். நெற்றியில் ஊற்றத் தண்ணீரைக் கையில் எடுத்தவள், பிள்ளையின் மார்பில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டாளாம். பெண் குழந்தை என்று மட்டும் என்னிடம் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து ஒரு தேவதாரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். அவரும், கோவிலில் மணி அடிக்கிற கோவில்பிள்ளையும் போய், சுவருக்கு வெளியே, கடைசிப் புளியமரத்தின் இரண்டு வேர்களுக்கு நடுவில் வைத்து மூடிவிட்டு வந்தார்கள். மணி அடிக்கவில்லை. எனக்கு அப்போது எழுந்து உட்காரவே தெம்பு கிடையாது.

நடமாட ஆரம்பித்த பிறகு தை மாதத்தில் ஒரு நாள் அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் இடத்தைக் காட்டினார். ஒரு அமைதியான இடமாக இருக்கும், தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டு வரலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். போனால் சந்தை இரைச்சல். தலைக்கு மேல் கூடு கூடாகக் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு கத்துகின்றன. தாய்க் கொக்குகள் ஏரியிலிருந்து வருகின்றன, ஊட்டுகின்றன, திரும்ப ஓடுகின்றன. பாதி மீன் ஒன்று என் காலடியில் விழுந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில்தான் இவள் இருக்கிறாள், இவள் தனியாக இல்லை என்று தோன்றியது. தோன்றியதும் நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று இளகியது. வேறு யார் சொன்ன ஆறுதலும் எனக்கு அந்த வேலையைச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். வேலை, பிள்ளைகள், சமையல் என்று நாள் ஓடியது. ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் அங்கே போய்விட்டு வருவேன். மரம்தான் அடையாளம். மரம் இருக்கிறது, மரத்தில் அதுகள் இருக்கின்றன, அது போதும் என்று இருந்தேன்.

தொல்லை கல்லறைத் திருநாளில் ஆரம்பித்தது. நவம்பர் இரண்டாம் தேதி எல்லாரும் தங்கள் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தியும் அரளியும் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருப்பார்கள். சாமியார் பவனியாக வந்து ஒவ்வொன்றாக மந்திரிப்பார். நாள் சரியாக ஐப்பசி நடுவில் விழுகிறது. கொக்குகளும் அப்போதுதான் கூட்டமாக வந்து இறங்கியிருக்கும். சுண்ணாம்புக் கல்லறையில் வெள்ளை எச்சம் விழுந்தால் அவ்வளவாகத் தெரியாது, யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஒரு லாரிக்காரர் தன் தகப்பனாருக்குச் சலவைக்கல்லில் கல்லறை கட்டினார். எங்கள் தோட்டத்தில் அதுதான் முதல் சலவைக்கல். சுவரோரத்தில்தான் இடம் கிடைத்தது. அந்த வருஷம் சாமியார் மந்திரிக்க வந்து நின்றபோது, கல்லில் பொறித்திருந்த எழுத்தே தெரியாத அளவுக்குப் பச்சையும் வெள்ளையுமாக வழிந்திருந்தது. லாரிக்காரரின் தாயார் முந்தானையால் அதைத் துடைத்துத் துடைத்து அழுதார். புருஷன் முகத்தில் காறித் துப்பியது போல இருக்கிறது என்றார். அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்கள் கோவில் வாசலில் கூடினார்கள். மரங்களை வெட்டிவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மரம் போனால் சுவரைத் தள்ளிக் கட்டி, புதிதாக வரும் ரயில்வே குடும்பங்களுக்கும் கல்லறை இடம் எடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வெளித் துண்டில் இருப்பவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கே யாரும் இருப்பதாகவே அவர்கள் கணக்கில் இல்லை. நான் பெண்கள் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பேசமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆண்கள் கூடிய இடத்தில் அதுவரைக்கும் நான் வாயைத் திறந்ததில்லை.

"மரத்த வெட்ட வேண்டாங்க சாமி. நான் கழுவறனுங்க. திருநா அன்னைக்கி ஒரு கல்லறையிலயும் ஒரு சொட்டு இருக்காதுங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சாமியார் வயதானவர், நல்ல மனுஷர். என் பிள்ளைக்கு உள்ளே இடம் இல்லை என்று சொன்னவரும் அவர்தான். சட்டம் அப்படி, அவர் என்ன செய்வார். என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எத்தன வருசத்துக்கும்மா கழுவுவே?"

"ஒடம்புல தெம்பு இருக்கற வரைக்குங்க சாமி."

வெட்டுவது நின்றது. ஒரு வருஷம் பார்ப்போம் என்றார்கள். இப்படித்தான் வம்பை விலை கொடுத்து வாங்கினேன்.

கழுவுவது என்றால் ஏதோ ஒரு வாளித் தண்ணீரை வீசிவிட்டு வருவது இல்லை. காய்ந்த எச்சம் கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, மறுபடி ஊறவைக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லறைக்குச் செங்கல் தூள் போதும். சலவைக்கல்லில் அதனால் கீறல் விழும், புளியைக் கண்ணில் காட்டவே கூடாது, கல்லை அரித்துவிடும். தலைக்குத் தேய்க்கிற அரப்புத் தூளை நாங்கள் கடைசியில் கண்டுபிடித்தோம். ஏரியில் இறங்கித் தண்ணீரை மொண்டு என் வீட்டுக்காரர் சுவருக்கு மேலே நீட்டுவார், நான் வாங்கிக்கொள்வேன். முந்தின நாள் முழுக்கக் கழுவினாலும் விடிவதற்குள் மேலே இருப்பவர்கள் மறுபடி போட்டுவிடுவார்கள். அதனால் விடியக்காலையில் இன்னொரு தடவை துடைத்து, மரத்துக்குக் கீழே இருக்கிற கல்லறைகளுக்கெல்லாம் கோணிச் சாக்கைப் போர்த்திவிடுவோம். பவனி வாசலுக்குள் நுழையும்போது நானும் அவரும் ஓடி ஓடிச் சாக்குகளை உருவுவோம். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். எங்களுக்கு மூச்சு வாங்கும். மந்திரிப்பு முடிந்து எல்லாரும் வெளியே போனதும் நான் சுவரோரம் போய், அந்தப் பக்கம் கடைசி மரத்தைப் பார்த்து மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு வருவேன். அவர் சாக்குகளை மடித்துக்கொண்டு நிற்பார். அந்த மரத்தடியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

ஒரு வருஷம் என்றது அப்படியே நீண்டுகொண்டு போனது. கழுவுவது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. தோட்டத்துச் சாவியும் என் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கொக்குச் சுட வந்த ஒருவரோடு மல்லுக்கு நின்றேன். கோவில் திருவிழாவுக்கு வேட்டுப் போடும் இடத்தை ஏரிப் பக்கத்திலிருந்து மாற்றச் சொல்லி மூன்று சாமியார்களின் தலையைத் தின்றேன். மாறி மாறி வந்த ஒவ்வொரு சாமியாருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரு இடத்தைக் காப்பது என்றால் ஒரு தடவை காப்பது இல்லை, திரும்பத் திரும்ப, ஒவ்வொரு புது ஆளிடமும் காக்க வேண்டும். வெட்டுகிறவனுக்கு ஒரு நாள் போதும். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு இரண்டு பங்கு வலிக்கும். முழங்கால் அப்போதே போய்விட்டது.

லாரிக்காரர் இதற்குள் என்னிடம் மரியாதையாகப் பழக ஆரம்பித்திருந்தார். அவருடைய தாயாரும் காலமாகி, புருஷனுக்குப் பக்கத்தில் இன்னொரு சலவைக்கல்லாகிவிட்டார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மரத்தைப் பற்றிய பேச்சு மறுபடியும் ஒரு தடவை எழுந்தபோது எல்லார் முன்னாலும் எனக்காகப் பேசினவர் அவர்தான்.

"அக்கா கழுவறாங்க, எங்கம்மா கல்லறை பளிச்சுனு இருக்குது. அந்த மரத்துல ஒரு கெளையக்கூட நான் தொட மாட்டேன், ஆரையும் தொட உடவும் மாட்டேன்."

அதைக் கேட்டு அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனிமேல் பயமில்லை என்று நினைத்தேன்.

அறுபதுகளில் ஊர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தது. சோளக்காடு மனைகளானது. செங்கல் சூளை இருந்த இடத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலின் மேலேயே வரிசையாக வீடுகள் வந்தன. கட்டினவர்கள் எல்லாரும் எங்களைப் போல மாதச் சம்பளக்காரர்கள், பிள்ளைகுட்டிகளோடு வாடகை வீட்டில் நெருக்கிக்கொண்டு கிடந்தவர்கள். அவர்களிடம் போய் என்ன சொல்வது. ஏரி வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது. நான் ஒவ்வொரு ஐப்பசியிலும் மரத்தை அண்ணாந்து பார்த்தேன், கூடுகள் இருந்தன, எச்சம் விழுந்தது, நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் மொள்ள அவர் முன்னைவிடத் தூரமாக நடக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

ஒரு கோடையில் லாரிகள் வந்தன. கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் மலையடிவாரத்திலிருந்து செம்மண்ணை ஏற்றிவந்து ஏரியில் கொட்டின. லாரி நிறுத்தவும் பழுதுபார்க்கவும் பெரிய கொட்டகை வரப்போகிறது, மிச்சம் மனைகள் என்றார்கள். ஏரி எப்படி யார் கைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. கொட்டின லாரிகளில் எங்கள் லாரிக்காரருடையவையும் இருந்தன. அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, காப்பி கொடுக்கச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"மரத்த நான் தொடலியேங்க அக்கா. ஏரி வேற, மரம் வேற இல்லீங்களா?"

"அதுகளுக்குச் சோறு ஏரியிலதானுங்களே இருக்குது."

"பறக்கற சாதிதானுங்களே. வேற எடம் பாத்துக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. மரத்தைத் தவிர வேறு எதையும் நானும் இத்தனை வருஷத்தில் அவரிடம் கேட்டதில்லை. புதிதாக வந்திருந்த சாமியாரிடம் போனேன். கொசுத் தொல்லை ஒழிந்தது என்றார். என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு ஒரு அதிகாரியைப் பார்க்க வந்தார். காலையிலிருந்து காத்திருந்து உள்ளே போனோம். கல்லறை சம்பந்தமான விஷயமா என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கொக்குகளுக்காக வந்தோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஊர் வளரும்போது இதெல்லாம் சகஜம், ஒரு ஏரி போனால் இன்னொரு ஏரி இருக்கிறது என்று பொறுமையாகவே சொல்லி அனுப்பினார். பஸ் பிடித்துத் திரும்பி வந்தோம். அலுப்பு என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆடி முடிவதற்குள் மண் சமமாகிவிட்டது. வக்காக்கள் எப்போது போயின என்று நான் பார்க்கவில்லை. ஒரு வாரம் போனேன், இருந்தன. இன்னொரு வாரம் போனேன், இல்லை. ஆனாலும் ஐப்பசிக்கு மற்றதுகள் வரும் என்று மனசுக்குள் ஒரு நம்பிக்கை. மரம் இருக்கிறது, பழகின மரம், பழைய கூடுகளின் குச்சிகூட இன்னும் கிளையில் இருக்கிறது. மழை பிடித்த வாரத்தில் வெள்ளைக் கொக்குகள் கொஞ்சம் வந்தன. நான் அங்கே இருந்தபோதுதான் வந்து இறங்கின. மேல்கிளையில் உட்கார்ந்துகொண்டு அந்தச் செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று இறங்கிப்போய் மண் மேல் நடந்தது, லாரிச் சக்கரத் தடத்தில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரைக் கொத்திப் பார்த்தது, திரும்ப மேலே போய்விட்டது. மறுநாள் போனபோது ஒன்றும் இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் பழக்கத்தில் நாரும் அரப்பும் சாக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். தண்ணீருக்கு என்ன செய்வோம் என்று நான் யோசிக்கவே இல்லை. லாரிக்காரர் யோசித்திருந்தார். ஏரி இல்லாமல் அக்கா கஷ்டப்படுவார்கள் என்று டிரம் டிரம்மாகத் தண்ணீரை ஒரு லாரியில் ஏற்றி வாசலில் நிறுத்தியிருந்தார். டிரைவர் தண்ணீரை எங்கே இறக்குவது என்று கேட்டார். நான் உள்ளே போய் ஒவ்வொரு கல்லறையாகப் பார்த்தேன். புளிய இலைச் சருகு கிடந்தது. சலவைக்கல்லைக் கையால் தடவிப் பார்த்தேன், கையில் தூசிதான் ஒட்டியது. கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சாக்கைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் போய் டிரைவரிடம் வேண்டாம் என்று சொன்னார்.

மறுநாள் மந்திரிப்பு நன்றாக நடந்தது. நாங்கள் சாக்கு உருவ ஓட வேண்டியிருக்கவில்லை, எல்லாரையும் போல நின்றுகொண்டிருந்தோம். இப்படி ஒரு சுத்தமான கல்லறைத் தோட்டத்தைத் தான் பார்த்ததில்லை என்று புதுச் சாமியார் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். லாரிக்காரர் தன் தாயாரின் கல்லறையில் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"பாத்தீங்களா அக்கா, ஒரு சொட்டுக்கூட இல்லீங்க. எங்கம்மா மனசு குளுந்துருக்கும். ஒரு கெளையும் வெட்டுலீங்க நான், சொன்னது சொன்னதுதானுங்க."

ஆமாங்க என்றேன். நிஜம்தானே.

எல்லாரும் போன பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். கடைசி மரத்தடியில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் இந்தத் தடவை சாக்கோடு நிற்கவில்லை, அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வந்து உட்காருவது அவருக்கு அதுதான் முதல் தடவை. மரம் அப்படியே இருந்தது. நான் காப்பாற்ற நினைத்த மரம்தான், ஒரு கிளை குறையவில்லை. மேலே சத்தமே இல்லை. தூரத்தில் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அழுதுவிட்டு வரலாம் என்று அத்தனை வருஷத்துக்கு முன்னால் நினைத்துக்கொண்டு போனேனே, அந்த அழுகை அப்போதுதான் வந்தது.

போகலாமா என்று அவர் கேட்டார். எழுந்துகொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போவது அன்றைக்குத்தான் முதல்முறை.